பழைய டார்ச் லைட்டைக் குறைந்த செலவில் மீட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவின் மூன்று செல் பித்தளை டார்ச் எங்கள் வீட்டுப் பரணில் பதினைந்து வருடம் கிடந்தது. நடுராத்திரியில் மும்முனை மின்சாரம் வரும், மோட்டார் போட வயலுக்குப் போவார். தோளில் துண்டு, கையில் அந்த டார்ச். வரப்பில் பாம்பு கிடந்தால் பத்தடி முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடும். அதை மறுபடி எரிய வைத்த பிறகு, உறவினர்களும் நண்பர்களும் தங்கள் வீட்டு டார்ச்சுகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதைக் கேள்வியாகவும், நான் செய்து பார்த்ததைப் பதிலாகவும் எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் கிடக்கும் டார்ச் மெனக்கெடத் தகுந்ததா?

ஒரு காந்தத்தை உடலில் வைத்துப் பாருங்கள். பச்சக்கென்று ஒட்டினால் இரும்புத் தகடு. ஒட்டாமல், கையில் கனமாக இருந்து, முலாம் தேய்ந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை. பித்தளை என்றால் யோசிக்கவே வேண்டாம், மீட்கலாம். அதற்குக் களிம்பு ஏறும், ஆனால் இரும்பைப் போலத் துருப்பிடித்து ஓட்டை விழாது. இரும்பில் துரு மேலோடு நின்றிருந்தால் சரி. அடியில் ஓட்டை விழுந்திருந்தால் அதன் கண்ணாடி, ரிஃப்ளெக்டர் (பல்பைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணம்), மூடி இவற்றைக் கழற்றி வேறு டார்ச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அலுமினிய டார்ச் இலேசாக இருக்கும், காந்தமும் ஒட்டாது. அதில் அல்கலைன் செல் (உள்ளே காரக் கரைசல் உள்ள வகை) ஒழுகியிருந்தால் உள்சுவரைக் காரம் அரித்திருக்கும். கையை விட்டுத் தடவிப் பார்க்காமல், வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

எந்தக் காலத்து டார்ச் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடிமூடியிலோ ஸ்விட்ச் பக்கத்திலோ பொறித்திருப்பதைப் படியுங்கள். எவரெடி டார்ச்சில் யூனியன் கார்பைடு என்று இருந்தால் 1990களின் நடுப்பகுதிக்கு முந்தையது. 1994இல் அந்தக் கம்பெனி கைமாறிய பிறகுதான் அந்தப் பெயர் போனது. நம் பக்கத்து வீடுகளில் எவரெடிக்கு அடுத்து அதிகம் கிடைப்பது அலகாபாத்தின் ஜீப் டார்ச். இரண்டுமே நல்ல கனமான சரக்கு.

முதலில் என்ன செய்ய வேண்டும்? புது செல் போட்டுப் பார்க்கலாமா?

போடாதீர்கள். முதலில் முழுதாகத் திறந்து பாருங்கள்.

அப்பாவின் டார்ச்சைத் திறந்தபோது நான் கண்டதைச் சொல்கிறேன். அடிமூடி மரையில் வெள்ளைத் தூள் அடைத்திருந்தது, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தட்டி எடுத்த பிறகுதான் மூடி அசைந்தது. மூடிக்குள் ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் நடுவே பஞ்சில் சுற்றி ஒரு உபரி பல்ப். அந்தக் காலத்து டார்ச் பலவற்றில் அங்கே பல்ப் வைக்க இடம் விட்டிருப்பார்கள், பலருக்கு அது தெரியாமலே போய்விடுகிறது. குழாய்க்குள் காலண்டர் தாள் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார், செல் கடகடவென்று ஆடாமலிருக்க. ஸ்பிரிங்குக்கும் கடைசி செல்லுக்கும் நடுவில் ஒரு இருபத்தைந்து காசு. ஸ்பிரிங் தளர்ந்து செல்லைத் தொடாமல் போனதற்கு அவர் கண்ட வழி அது. ஆக டார்ச்சின் நோய் என்ன என்பதை அந்தக் காசே சொல்லிவிட்டது.

அதனால்தான் திறந்து பார்க்கச் சொல்கிறேன். பழைய டார்ச் எரியாததற்கு முக்கால்வாசி நேரம் பல்ப் காரணமில்லை. மின்சாரம் போகும் வழியில் எங்கோ அடைப்பு. வழியைச் சுத்தம் செய்யாமல் புது பல்ப், புது செல், எல்இடி என்று வாங்கிப் போடுவதெல்லாம் வீண் செலவு.

செல் உள்ளே ஊறி, குழாயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எப்படி எடுப்பது?

அதிகம் வரும் கேள்வி இது. எல்லோரும் முதலில் தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றுகிறார்கள். செல்லைக் குழாயோடு பிடித்து வைத்திருப்பது ஒழுகி உறைந்த உப்பு. உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். எண்ணெய் அதன்மேல் படலமாகப் படிந்து, தண்ணீரையும் உள்ளே விடாமல் செய்துவிடும்.

தலையையும் அடிமூடியையும் கழற்றிவிடுங்கள். ரிஃப்ளெக்டரைத் தனியாக எடுத்துப் பத்திரமாக வையுங்கள். குழாயை மட்டும் வெந்நீரில் நிற்க வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் மறுபடி சூடான தண்ணீரைக் குழாயின் வெளிப்பக்கம் ஊற்றுங்கள், உலோகம் சூட்டில் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். அப்புறம் தரையில் மடித்த சாக்கைப் போட்டு, குழாயின் வாயைக் கீழே பிடித்துக் குத்துங்கள். இல்லையென்றால் குழாய்க்குள் நுழையும் மரக்கட்டை ஒன்றை வைத்து மறுமுனையிலிருந்து மரச்சுத்தியால் தட்டுங்கள். இரும்புச் சுத்தி வேண்டாம், பித்தளை நெளிந்துவிடும்.

அதற்கும் வரவில்லை, உள்ளே இருப்பது சாதாரண துத்தநாக-கரி செல்தான் (துத்தநாக உறையும் நடுவில் கரிக்குச்சியும் உள்ள வகை) என்று உறுதியாகத் தெரிகிறது என்றால், செல்லின் அடிப்பக்கத்தில் நீளமான மர ஸ்க்ரூ ஒன்றை முறுக்கி ஏற்றி, ஸ்க்ரூவைக் குறடால் பிடித்து இழுக்கலாம். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். அல்கலைன் செல்லிலும் ரீசார்ஜ் செல்லிலும் இதைச் செய்யவே கூடாது. அல்கலைன் செல்லுக்குள் அழுத்தமும் இருக்கும், தோலைப் பொசுக்கும் காரமும் இருக்கும். எடுத்த செல்லை அடுப்பிலோ குப்பை எரிக்கும் இடத்திலோ போடாதீர்கள்.

ஒழுகிய வெள்ளைத் தூளை எதால் கழுவுவது?

எந்த செல் ஒழுகியது என்பதைப் பொறுத்தது. வினிகர் ஊற்று என்று பொதுவாகச் சொல்வார்கள், அது பாதிதான் சரி. அல்கலைன் செல் ஒழுகினால் வருவது காரம், அதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ சரி. நம் பழைய டார்ச்சுகளில் இருந்ததோ பெரும்பாலும் துத்தநாக-கரி செல். அதிலிருந்து ஒழுகுவது அமிலத்தன்மை உள்ள உப்பு. அதற்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். எதால் கழுவினாலும் கடைசியில் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள்.

பச்சைக் களிம்புக்கு நம் வீட்டுப் புளியே போதும். உப்புச் சேர்த்த புளிக் கரைசலால் தேய்த்து உடனே கழுவிவிடுங்கள். ஊற வைத்தால் பித்தளையின் மஞ்சள் போய், செம்பு நிறம் திட்டுத்திட்டாகத் தெரிய ஆரம்பிக்கும்.

எல்லாம் சுத்தமாக இருக்கிறது, புது செல்லும் போட்டாயிற்று. ஆனாலும் மங்கலாக எரிகிறதே?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், டார்ச் வேலையின் உயிரே இதுதான்.

மின்சாரம் போகும் வழியை மனதில் ஓட்டிப் பாருங்கள். செல்லின் மூக்கு பல்பின் அடியைத் தொடுகிறது. பல்பின் கழுத்திலிருந்து ஹோல்டர், அங்கிருந்து ஸ்விட்ச் தகடு, ஸ்விட்ச்சின் ரிவிட், உடல், அடிமூடியின் மரை, ஸ்பிரிங், கடைசி செல்லின் அடி. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் உள்ள தொடுமுனைகளும் உண்டு. இத்தனை இடத்தில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மறித்தால் என்ன ஆகும்? இரண்டு செல் டார்ச்சில் 3 வோல்ட், பல்ப் இழுப்பது 0.5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வழியில் மொத்தமாக 1 ஓம் தடை இருந்தாலே 0.5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். பல்புக்குக் கிடைப்பது 2.5 வோல்ட். ஆறில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். இழை பல்பில் (உள்ளே கம்பி இழை சூடாகி எரியும் பழைய வகை) அந்தக் குறைவுக்கு வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு துண்டு வயரை எடுத்து, கடைசி செல்லின் அடியிலிருந்து பல்பின் கழுத்துக்கு நேராகத் தொடுங்கள். அப்போது பளிச்சென்று எரிந்து, ஸ்விட்ச் வழியாக மங்கலாக எரிந்தால், குற்றவாளி நடுவில் இருக்கிறான். மல்டிமீட்டர் இருந்தால், டார்ச் எரியும்போதே ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் முள்ளை வைத்துப் பாருங்கள். எங்கே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதோ அங்கே கையை வையுங்கள்.

செல் தொடும் இடங்களையும் பல்பின் அடியையும் பென்சில் ரப்பரால் தேய்த்தாலே போதும். ஸ்விட்ச் தகட்டுக்கு அடியில் நைசான எமரித் தாளை மெல்லிய பட்டையாக வெட்டி நுழைத்து, தகட்டை விரலால் அமுக்கிக்கொண்டு இரண்டு மூன்று தடவை இழுங்கள். தகடு தளர்ந்திருந்தால் மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் இலேசாக நெம்பிவிடுங்கள், அதிகம் நெம்பினால் ஒடிந்துவிடும். மரையை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நகக்கண் அளவு வாசலின் தடவி முறுக்குங்கள். உலோகம் அழுந்தும் இடத்தில் வாசலின் விலகிக்கொள்ளும், மற்ற இடத்தில் ஈரம் புகாமல் காக்கும்.

துருப்பிடித்த ஸ்பிரிங்குக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மெல்லிய, வளையும் செம்பு வயர் ஒன்றை ஸ்பிரிங்கின் உச்சியிலும் அடியிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடுங்கள். அழுத்தம் கொடுப்பது ஸ்பிரிங்கின் வேலை, மின்சாரம் கடத்துவது வயரின் வேலை. அப்பாவின் டார்ச்சில் இதைச் செய்த பிறகு அந்த இருபத்தைந்து காசுக்கு வேலை இல்லாமல் போயிற்று. காசை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

உடலைப் பளபளவென்று ஆக்கலாமா?

முலாம் நன்றாக இருந்தால் சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். பிராசோ போன்ற உலோகப் பாலிஷ்களை அழுத்தித் தேய்த்தால் மெல்லிய நிக்கல் முலாம் கரைந்து மஞ்சள் வெளியே வந்துவிடும். பாதிக்கு மேல் முலாம் போய்விட்டதா? அப்போது முழுவதையும் எடுத்துவிட்டுப் பித்தளையாகவே விடுவது ஓர் அழகு. புதிதாக முலாம் போடுகிற கடைகள் இருக்கின்றன, ஆனால் குறைந்த செலவு என்று தொடங்கிய வேலையில் அது அதிகம். கை பட்டுத் தேய்ந்த இடத்தை அப்படியே விடத்தான் எனக்கு மனம் வரும்.

ரிஃப்ளெக்டர் கறுத்துவிட்டது. தேய்க்கலாமா?

விரலால்கூடத் தொடாதீர்கள். பின்பக்கத்தை முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் என்றால் அதன் மேல் இருப்பது நூலிழையிலும் மெல்லிய அலுமினியப் பூச்சு, ஒரு துடைப்பில் போய்விடும். ஊதித் தூசியை நீக்கி, சுத்திகரித்த தண்ணீரில் அலசிக் காயவைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய பித்தளை ரிஃப்ளெக்டரில் வெள்ளி முலாம் இருக்கலாம். வெள்ளிக் கொலுசு கறுப்பதைப் போலத்தான் அதுவும் கறுக்கும். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெந்நீரும் ஆப்ப சோடாவும் போட்டு, ரிஃப்ளெக்டர் அந்தத் தாளைத் தொடும்படி சில நிமிடம் வைத்தால், தேய்க்காமலே கறுப்பு இறங்கும்.

கண்ணாடி உடைந்துவிட்டது?

போட்டோ பிரேம் போடும் கடையில் அளவு கொடுத்தால் 2 மில்லிமீட்டர் கண்ணாடியை வட்டமாக வெட்டித் தருவார்கள். பழைய கண்ணாடியின் ஒரு துண்டைக் கையில் கொண்டுபோங்கள், தடிமன் சரியாக வரும். ரப்பர் வளையத்துக்கு சைக்கிள் டியூபிலிருந்து ஒரு வளையம் வெட்டிக்கொள்ளலாம்.

எல்இடி பல்ப் வாங்கி அப்படியே மாட்டிவிடலாமா?

மாட்டலாம், மூன்று விஷயம் பார்த்துவிட்டு.

முதலாவது, பல்பின் கழுத்து. நம் டார்ச்சுகளில் இரண்டு வகை உண்டு. மரையோடு முறுக்கி ஏற்றுவது ஒன்று, அதற்கு இ10 என்று பெயர். மரையில்லாமல், கழுத்தில் அகலமான வளையத்தோடு உட்கார்வது இன்னொன்று, அது பி13.5எஸ். பழைய பல்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் இந்தப் பெயரெல்லாம் தேவைப்படாது.

இரண்டாவது, வோல்ட். இரண்டு செல்லுக்கு 3 வோல்ட், மூன்று செல்லுக்கு 4.5 வோல்ட். வெள்ளை எல்இடி நன்றாக எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். இரண்டு செல் டார்ச்சில் செல் கொஞ்சம் இறங்கினாலே அது மங்கிவிடும். ஆகவே இரண்டு செல்லுக்கு, உள்ளேயே மின்னழுத்தத்தை ஏற்றிக்கொடுக்கும் சுற்று வைத்த பல்பாகக் கேட்டு வாங்குங்கள். மாட்டி எரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம், செல்களைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். இழை பல்புக்குத் திசை கிடையாது, எல்இடிக்கு உண்டு.

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இழை பல்பில் வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் போகும். ரிஃப்ளெக்டர் அதை வாரி எடுத்து ஒரே கற்றையாக முன்னால் தள்ளும். எல்இடியின் வெளிச்சம் பெரும்பாலும் நேர் முன்னால் போகிறது, ரிஃப்ளெக்டரைத் தொடுவதே இல்லை. அதனால் பக்கத்தில் வெளிச்சம் கொட்டும், தூரத்தில் ஒன்றும் தெரியாது. வயலுக்குப் போகிறவருக்கு அது பயன்படாது. பக்கவாட்டிலும் சில்லு (வெளிச்சம் தரும் சிறு துண்டு) வைத்த எல்இடி பல்ப் கிடைத்தால் அதை எடுங்கள். வளையத்திலிருந்து பழைய இழை எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்ததோ, புதிய சில்லும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். உயரம் அதிகமானால் வளையத்துக்கும் ரிஃப்ளெக்டருக்கும் நடுவில் மெல்லிய வாஷர் ஒன்று. மரை பல்பு என்றால் அரைச் சுற்று முன்னே பின்னே. பத்தடி தூரத்துச் சுவரில் அடித்து, நடுவில் பிரகாசமான வட்டம் குவியும்வரை மாற்றி மாற்றிப் பாருங்கள். பல்ப் தடிமனாக இருக்கிறதென்று ரிஃப்ளெக்டரின் ஓட்டையை மட்டும் பெரிதாக்காதீர்கள். பிறகு பழைய பல்புக்குத் திரும்பவே முடியாது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பலன் உண்டு. இரண்டு செல் டார்ச்சில் போடும் 0.5 ஆம்பியர் இழை பல்ப் தருவது சுமார் 10 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஏறக்குறைய அதே சக்தியை எடுத்துக்கொண்டு ஒரு நல்ல 1 வாட் எல்இடி 80, 100 லூமென் தரும்.

எல்இடியை நானே பொருத்த முடியுமா?

சால்டரிங் தெரிந்தால் முடியும். கெட்டுப்போன பல்பின் கண்ணாடியைத் துணி சுற்றி உடைத்துவிட்டு, அந்த உலோகக் கழுத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மூன்று செல் டார்ச்சுக்குக் கணக்கு இது: 4.5 வோல்ட்டில் எல்இடிக்கு 3.1 போனால் மீதி 1.4. நமக்கு வேண்டியது 0.3 ஆம்பியர். 1.4ஐ 0.3ஆல் வகுத்தால் 4.7 ஓம், மின்சாரத்தை அளவோடு விடும் ரெசிஸ்டரின் அளவு இது. ரெசிஸ்டரில் சூடாகப் போவது 0.42 வாட், ஆகவே 1 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு, மற்ற ஊர்களில் டிவி பழுதுபார்க்கும் கடையில் கேட்டாலே கிடைக்கும். 3 வாட் எல்இடிக்கு ஆசைப்பட வேண்டாம், மூடிய தலைக்குள் அதன் சூடு வெளியேற வழி இல்லை.

எந்த செல் போடுவது?

எப்போதாவது எரியும் டார்ச்சுக்குச் சாதாரண பெரிய செல் போதும். தினமும் எரிகிறதென்றால் ரீசார்ஜ் ஆகும் பென்சில் செல்லைப் பெரிய செல் அளவுக்குள் பொருத்தும் பிளாஸ்டிக் கூடு கிடைக்கிறது. ரீசார்ஜ் ஆகும் இந்த நிக்கல் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. சூரியசக்தி விளக்குகளில் வரும் 32650 என்ற லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல். விட்டம் 32 மில்லிமீட்டர், பெரிய செல் குழாய்க்குள் அழகாக இறங்கும். 3.2 வோல்ட்டை ஏறக்குறைய கடைசிவரை இறங்காமல் தருவதால் எல்இடிக்கு நேராகப் பொருந்தும். எல்இடியோடு 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேர்த்தால் நிம்மதி. இரண்டு செல் டார்ச்சில் இது ஒன்று போதும், மீதி நீளத்துக்கு மரக்கட்டையில் ஒரு போலி செல் செய்துகொள்ளலாம். கட்டையின் இரு முனையிலும் பித்தளை ஸ்க்ரூ, நடுவில் வயரோடு 2 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸை விட்டுவிடாதீர்கள். டார்ச்சின் உடல் முழுதும் உலோகம், செல்லின் உறை கிழிந்து உரசினால் பெரும் மின்சாரம் பாய்ந்துவிடும். இந்த செல்லின் சார்ஜர் 3.65 வோல்ட்டில் நிற்க வேண்டும். 4.2 வோல்ட் வரை ஏற்றும் சாதாரண லித்தியம் சார்ஜரில் மாட்டக் கூடாது. இரண்டு செல் டார்ச்சுக்கான 2.5 வோல்ட் இழை பல்பையும் இதோடு போடாதீர்கள், சீக்கிரம் போய்விடும்.

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்லைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். பிள்ளைகள் எடுத்து விளையாடும் பொருள் டார்ச்.

தீர்ந்துபோன செல்லை, அதாவது பேட்டரிக் கட்டையை, வெயிலில் காயவைத்தால் மறுபடி எரியுமா?

கொஞ்ச நேரம் எரியும். எங்கள் வீட்டுத் திண்ணையிலும் வரிசையாகக் காய்ந்திருக்கிறது. சூட்டில் உள்ளே வேதிவினை சற்று வேகம் பிடிக்கும், ஓய்வு கிடைத்ததாலும் செல் சிறிது மீளும். ஆனால் அந்த நிலையில் துத்தநாக உறை ஏற்கெனவே மெலிந்திருக்கும். டார்ச்சுக்குள் ஒழுகுவது பெரும்பாலும் இப்படிக் காயவைத்துப் போட்ட கட்டைதான்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

கண்ணாடி, எல்இடி பல்ப், எமரித் தாள், ரெசிஸ்டர் எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு டார்ச்சுக்கு 300 ரூபாயைத் தாண்டியதில்லை. செல் தனி. சுத்தம் செய்து தொடுமுனைகளைத் தேய்த்ததிலேயே எரிந்தவையும் உண்டு, அவற்றுக்கு ஆப்ப சோடா செலவுதான்.

இழை பல்பையே வைத்துக்கொள்வது நல்லதா?

உங்கள் விருப்பம். அப்பாவின் டார்ச்சில் நான் எல்இடி போட்டேன், அம்மாவுக்குக் கொல்லைப்பக்கம் போக நல்ல வெளிச்சம் வேண்டும். பஞ்சில் சுற்றியிருந்த அந்த உபரி பல்ப் மட்டும் அதே பஞ்சோடு அடிமூடியிலேயே இருக்கிறது. ஒரு நாள் மின்சாரம் போனபோது அதை மாட்டிக் காட்டினேன். சுவரில் அந்த மஞ்சள் வட்டத்தைப் பார்த்துவிட்டு, "உங்கப்பா வர்றாப்ல இருக்குடா" என்றார் அம்மா.

திரும்ப எடுத்து வைக்கும்போது?

செல்லை வெளியே எடுத்துவிட்டு வையுங்கள். அடிக்கடி தேவைப்படும் என்றால், கடைசி செல்லுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஒரு அட்டைத் துண்டைச் செருகி வையுங்கள், தற்செயலாக ஸ்விட்ச் தள்ளப்பட்டாலும் எரியாது. மாதம் ஒரு தடவை அடிமூடியைத் திறந்து பாருங்கள். உபரி பல்பையும் அங்கேயே வையுங்கள்.